வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குத் துணை நிற்பது எப்படி? வடசென்னைத் தெருக்களுக்கான முழுமையான வழிகாட்டி

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், முப்பது வயது மகனுக்கு இன்னும் ஊட்டிவிடும் அம்மா, புற்றுநோய் வந்த மனைவிக்குக் கஞ்சி காய்ச்சும் எழுபது வயதுப் பெரியவர். எந்தத் தெருவிலும் இப்படி ஒருவராவது இருப்பார். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, யாரும் அதை வேலை என்று சொல்வதும் கிடையாது. அவர்களுக்குப் பக்கபலமாக நிற்க நினைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும், மகளிர் குழுக்களுக்கும், கோயில், சர்ச், பள்ளிவாசல் சார்ந்த இளைஞர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இந்த வேலையைச் செய்துவருகிறோம். புதிதாக வருபவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் அரிசிப் பையோடு நேராக நோயாளியின் கட்டிலுக்குப் போய் நிற்கிறார்கள். முதல் நாளே ஆதார் நகல் கேட்கிறார்கள். அடுத்த முறை கதவு முழுசாகத் திறப்பதில்லை. இந்த வேலையில் எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

நான்கு பேர் போதும். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். படுத்திருக்கும் பெண்ணின் அருகில் ஆணை உட்காரவைக்க முடியாது. அதேபோல் வயதான ஆண்களில் பலர் வெளிப்பெண் வந்து ஒத்தாசை செய்வதைக் கூச்சமாக நினைப்பார்கள்.

ஒவ்வொருவரும் வாரத்தில் எந்தக் கிழமை, எந்த இரண்டு மணி நேரம் தர முடியும் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். “ஃப்ரீயா இருக்கும்போது வர்றேன்” என்பவரை இந்த வேலையில் சேர்க்காதீர்கள், வேறு வேலை கொடுங்கள்.

உங்கள் வார்டுக்கு உரிய நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எது, அங்கே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலரும் செவிலியரும் யார் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமல்லாமல், வலிநிவாரண சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். மாத்திரை வருவது எல்லோருக்கும் தெரியும், மற்ற இரண்டும் பல வீடுகளுக்குத் தெரியாது.

ஒரு நோட்டு வேண்டும். அந்த வீட்டில் கேட்டதை வெளியில் பேசமாட்டோம் என்ற உறுதியும் வேண்டும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு பேச்சு தெருமுனைக்குப் போக அரை நாள்கூட ஆகாது.

1. யார் பார்த்துக்கொள்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

“எங்கள் தெருவில் நோயாளிகள் யார் யார்?” என்று பட்டியல் எடுப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. அப்படி எடுத்தால் நோயாளியின் பெயரும் குடும்பத் தலைவரின் பெயரும் நோட்டில் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து துணி மாற்றுபவரின் பெயர் இருக்காது.

வாசலில் வந்து பேசுபவர் பெரும்பாலும் “நாங்க எல்லாரும் சேந்துதான் பாத்துக்கிறோம்” என்பார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால் வேறு விதமாகக் கேளுங்கள். டயப்பர் மாற்றுவது யார்? இந்த வீட்டில் யார் வேலையை விட்டார்கள்? கடைசியாக நடந்த சொந்தக்காரர் கல்யாணத்துக்கு யார் வரவில்லை? மூன்று கேள்விக்கும் ஒரே பெயர் வந்தால் அவர்தான்.

அவராக வந்து சொல்லமாட்டார். ஆனால் தெருவுக்குத் தெரியும். ரேஷன் கடை வரிசையில் நிற்க முடியாமல் திரும்பிப் போகிறவர், மகளிர் குழுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தியவர், பெரியவர்களுக்கான டயப்பரை இரண்டு இரண்டாக உதிரியில் வாங்குகிறவர். மருந்துக்கடைக்காரர், அங்கன்வாடி அக்கா, டியூஷன் டீச்சர் மூவரிடமும் பேசுங்கள்.

டியூஷன் டீச்சரை ஏன் சொன்னேன் என்றால், சில வீடுகளில் பார்த்துக்கொள்வது ஒரு பிள்ளை. அம்மா வீட்டு வேலைக்குப் போய்விடுவார், ஒன்பதாவது படிக்கும் பெண் ஆயாவுக்குச் சோறு ஊட்டிவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாகப் போகும். பிறகு போகாமலே இருந்துவிடும். அந்த வீடு பட்டியலில் முதலில் வரட்டும்.

இவர்களைச் சட்டமே அடையாளம் கண்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பராமரிப்பவர் யார் என்று வரையறுக்கும்போது பெற்றோரையும் மற்றக் குடும்பத்தினரையும் சேர்த்து, ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் அவர் பராமரிப்பவர்தான் என்கிறது. “பொண்டாட்டின்னா பாத்துக்கத்தானே வேணும்” என்று யாராவது சொன்னால், பார்த்துக்கொள்வது கடமையாக இருந்தாலும் அது வேலையும்தான் என்று எடுத்துச் சொல்ல இந்த வரி உதவும்.

2. முதல் சந்திப்பு: கேட்க மட்டும் போங்கள்

தண்ணீர் வரும் நேரத்தில் போகாதீர்கள். லாரியோ குழாயோ, அந்த நேரத்தில் அவர் குடத்தோடு ஓடிக்கொண்டிருப்பார். நோயாளிக்கு மதியச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கு முன், இரண்டரை மணியிலிருந்து நான்கு மணி வரை நல்ல நேரம். இரண்டு பேர் போதும். ஐந்து பேர் போனால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும்.

நோயாளிக்கு வணக்கம் சொல்லுங்கள், பெயர் கேட்டுப் பேசுங்கள். பிறகு பார்த்துக்கொள்பவரோடு வாசலிலோ படிக்கட்டிலோ வந்து உட்காருங்கள். ஒற்றை அறை வீட்டில் நோயாளியின் காதுபட அவர் எதுவும் சொல்லமாட்டார். சொல்லவைத்தாலும் அது நோயாளியை நோகடிக்கும்.

“சாப்ட்டீங்களா?” என்று கேட்டால் “ஆச்சு” என்ற பதில்தான் வரும். “காலைல என்ன சாப்ட்டீங்க, எத்தினி மணிக்கு?” என்று கேளுங்கள். “நல்லா தூங்குறீங்களா?” வேண்டாம். “நேத்து ராத்திரி எத்தினி வாட்டி எழுந்தீங்க?” என்று கேளுங்கள். “உங்க இடுப்பு எப்படி இருக்கு?” என்பது நான் தவறாமல் கேட்கும் கேள்வி. தூக்கித் தூக்கி இடுப்பு போகாதவர் இந்த வேலையில் குறைவு.

செய்யக் கூடாதவை சில. “நீங்க தெய்வம் மாதிரி” என்று சொல்லாதீர்கள். தெய்வத்துக்குக் களைப்பு வராது, எரிச்சல் வராது. அப்படிச் சொன்னபிறகு, “எனக்கு முடியலக்கா” என்று அவரால் வாய் திறக்க முடியாது. போட்டோ எடுக்காதீர்கள். நாட்டு வைத்தியம், வேண்டுதல், “எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான்…” என்ற கதை எதுவும் வேண்டாம். எந்த உதவித்தொகையையும் வாங்கித் தருவதாக வாக்கும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பல பேர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அடுத்து எந்த நாள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். அவர் உங்களை நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அங்கேதான்.

3. அவருடைய ஒரு நாளை மணி மணியாக எழுதுங்கள்

இரண்டாவது சந்திப்பில் நோட்டைத் திறக்கலாம். ஒரு பக்கத்தில் காலை நான்கு மணியிலிருந்து மறுநாள் காலை நான்கு மணிவரை கோடு போட்டு, நேற்று என்ன நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். வழக்கமாக என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள். வழக்கம் என்றால் பாதி விட்டுப்போகும்.

வியாசர்பாடியில் வாரியக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் எழுதிய தாளிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். மாமியாருக்குப் பக்கவாதம், வலது பக்கம் வராது, பேச்சும் இல்லை. நாலே முக்காலுக்குத் தண்ணீர் பிடித்து மேலே ஏற்றுவது. ஐந்தரைக்கு டயப்பர் மாற்றி உடம்பு துடைப்பது. ஆறரைக்குப் பிள்ளைகளுக்குச் சமையல். எட்டுக்கு மாமியாருக்குக் கஞ்சி, ஒரு கிண்ணத்துக்கு நாற்பது நிமிடம், அவசரப்பட்டால் புரையேறும். பத்துக்குத் துணி. இப்படியே போய் ராத்திரி பதினொன்றுக்குப் படுப்பது, ஒரு மணிக்கும் மூன்றரைக்கும் திருப்பிப் படுக்கவைக்க எழுவது. தாளில் அவருக்கென்று இருந்த நேரம் ஒன்றுதான்: மொட்டைமாடியில் துணி உலர்த்தப்போகும் பத்து நிமிடம். அதையும் “துணி” என்றுதான் சொன்னார். அங்கே போய்க் கொஞ்சம் நிற்பேன் என்று அப்புறம்தான் வந்தது.

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, பதினைந்து முதல் ஐம்பத்தொன்பது வயதுவரை உள்ள, வீட்டில் பராமரிப்பு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 140 நிமிடம் செலவிடுவதாகவும், ஆண்கள் 74 நிமிடம் செலவிடுவதாகவும் சொல்கிறது. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் உங்கள் தாள் அதைவிட மிக அதிகமாகக் காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்தத் தாளை எழுதுவதற்கு இரண்டு காரணம். எந்த இடத்தில் அவர் ஒடிகிறார் என்று உங்களுக்குத் தெரியவரும். இன்னொன்று, வீட்டுக்காரர்களிடமும் அண்ணன் தம்பிகளிடமும் பேசும்போது (7ஆம் படி) இதுதான் பேசும், நீங்கள் பேச வேண்டியதில்லை. தாளை அவரிடமே கொடுங்கள். ஒரு நகல் மட்டும், அவர் சம்மதித்தால், நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் ஒரு கேள்வி: “இதுல ஒரு ரெண்டு மணி நேரம் நாங்க இருந்தா, எந்த நேரம் வேணும்?”

4. முதலில் நேரம் கொடுங்கள்

பணமும் பொருளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு எங்கும் விலைக்குக் கிடைக்காதது நேரம். அதைக் கொடுத்தபிறகுதான் மற்றதைப் பற்றி யோசிக்கவே அவருக்குத் தெம்பு வரும்.

எந்த நேரம் என்பதை அவரே சொல்லட்டும். காசிமேட்டில் விடியற்காலை மீன் எடுத்துவந்து தெருவில் விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்கா, கணவர் விழுந்தபிறகு வியாபாரத்தை விட்டுவிட்டார். குழுவில் இருந்தவர்கள் “மத்தியானம் நாங்க இருக்கோம், நீங்க தூங்குங்க” என்றார்கள். அவர் கேட்டது காலை ஐந்திலிருந்து ஏழு. அந்த நேரத்தில் யாராவது இருந்தால் மறுபடி மீன் எடுக்கப் போகலாம் என்றார். ஓய்வுதான் வேண்டும் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. சிலருக்கு வருமானம் வேண்டும், சிலருக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும், சிலருக்குத் தன் அம்மா வீட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

ஆரம்பிக்கும் முறை இது. முதல் வாரம் அவர் வீட்டில் இருக்கும்போதே போய் நோயாளியின் அருகில் உட்காருங்கள். கஞ்சி எப்படி ஊட்டுகிறார், எந்தப் பக்கம் படுத்தால் முனகுகிறார், தண்ணீர் வேண்டும் என்றால் எப்படிக் காட்டுகிறார் என்று பாருங்கள். இரண்டாவது வாரம் அவர் கீழ்வீட்டுக்கோ கடைக்கோ போகட்டும், கூப்பிட்டால் வரும் தூரம். மூன்றாவது வாரம் வெளியே போகட்டும். இந்தப் படிகளை விட்டால் அவர் வெளியே போனாலும் மனசு வீட்டில்தான் இருக்கும், அரை மணியில் திரும்பிவிடுவார்.

முதல் மாதம் முழுக்க ஒரே ஆள் போக வேண்டும். ஆளை மாற்றி மாற்றி அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் அவர் பாடம் எடுக்க வேண்டியிருக்கும், அது அவருக்கு இன்னொரு வேலை. உங்களுக்கு வர முடியாத நாளில் மாற்று ஆள் தயாராக இருக்க வேண்டும், அதையும் முந்தின நாளே சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்தை நம்பி அவர் வங்கிக்கோ மருத்துவமனைக்கோ போகத் திட்டமிட்டிருப்பார். கடைசி நிமிடத்தில் நீங்கள் வராமல் போனால், வராமலே இருந்திருக்கலாம்.

எல்லை எது என்பதையும் பேசிவிடுங்கள். மூக்குக் குழாயில் உணவு கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது இவை பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாத வேலைகள். மாத்திரை என்றால் அவர் எடுத்து வைத்துவிட்டுப் போனதை மட்டும், சொன்ன நேரத்தில். ஏதாவது என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவது, எப்போது 108ஐக் கூப்பிடுவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் ஒன்று: அந்த இரண்டு மணி நேரமும் பார்த்துக்கொள்பவரோடு உட்கார்ந்து கதை பேசுவது. அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் நேரம் போய்விட்டது, டீ போட்டுக் கொடுத்த வேலையும் சேர்ந்துவிட்டது. பேசுவதற்கு வேறு நாள் வாருங்கள்.

5. தூக்குவதையும் திருப்புவதையும் கற்றுக்கொடுக்க ஆள் வரவழையுங்கள்

மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் செய்யும்போது “ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் போடுங்க” என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எப்படித் திருப்புவது என்று யாரும் செய்து காட்டியிருக்கமாட்டார்கள். சுகாதார நிலையத்தில் சொல்லி, வீட்டுக்கு வரும் செவிலியரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்களும் கூட இருந்து பாருங்கள்.

பாயில் தரையில் படுத்திருந்தால் முதலில் கட்டிலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். தரையிலிருந்து தூக்குவதுதான் இடுப்பை ஒடிக்கிறது. பழைய கட்டில் தெருவில் யார் வீட்டிலாவது இருக்கும். நோயாளியின் தோளிலிருந்து தொடைவரை வருமாறு, நான்காக மடித்த பருத்திப் புடவை ஒன்றைக் குறுக்காக விரித்துவைத்தால், இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நகர்த்தலாம். தோலை இழுத்தால் உரியும், புடவையோடு சேர்த்துத் தூக்கினால் உரியாது.

படுக்கைப்புண் வரும் இடங்களைத் தினமும் பாருங்கள்: பிட்டத்துக்கு மேலே, இடுப்பெலும்பு, குதிகால், முழங்கை. கறுப்பு நிறத் தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் ஆரம்பம். அதைத் தேய்த்துவிடக் கூடாது, உள்ளே இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். புண்ணின் மேல் பவுடரோ மஞ்சளோ போடாதீர்கள். குதிகாலுக்கு, கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் விடுங்கள். ஏர் பெட் (காற்று நிரப்பிய மெத்தை) போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பத்தான் வேண்டும்.

ஊட்டும்போது தலையும் முதுகும் நிமிர்ந்திருக்க வேண்டும், ஊட்டியபிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். உடனே படுக்கவைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். பிறகு வரும் காய்ச்சலைச் சளி என்று நினைத்துவிடுவார்கள்.

லிஃப்ட் இல்லாத மாடிக் குடியிருப்புகளில் மருத்துவமனைக்கு இறக்குவது தனிப் பிரச்சினை. குறுகிய திருப்பங்களில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கைப்பிடி உள்ள உறுதியான மர நாற்காலியில் உட்காரவைத்து, மார்பிலும் இடுப்பிலும் துப்பட்டாவால் கட்டி, முகம் கீழ்ப்படியைப் பார்க்க, நாற்காலியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து இறக்குங்கள். மூன்றாவது ஆள் முன்னே இறங்கிக்கொண்டே படியைச் சொல்லட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பாரம் ஒரு பக்கம் சாயும்போது கால் விரிந்துவிடும். மாடியில் எந்தெந்த இளைஞர்களைக் கூப்பிடலாம் என்று பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே இருக்கட்டும்.

6. இப்போது காகிதங்கள்

இந்த வேலை இப்போது வருவதற்குக் காரணம், இதற்கு அவர் வெளியே போக வேண்டும், போவதற்கு நேரம் வேண்டும். அதை நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்கள்.

எல்லா வீட்டிலும் ஒரு துணிக்கடைப் பை இருக்கும், அதில் மருந்துச் சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் தாள், மின்கட்டண ரசீது எல்லாம் கலந்து கிடக்கும். அதைத் தரையில் கொட்டி, தேதி வாரியாக ஒரு ஃபைலில் அடுக்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு, டிஸ்சார்ஜ் தாள் இவை எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அதை முதலில் திருத்துங்கள். பின்னால் போய் எல்லா விண்ணப்பமும் நிற்பது இதனால்தான்.

அடுத்தது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதாவது யுடிஐடி. பிறவியிலேயே குறை உள்ளவர்களுக்குத்தான் இது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கவாதத்தால் கை கால் வராமல் போனவரும், பார்க்கின்சன் நோய் உள்ளவரும் இதற்கு உரியவர்களே. அரசு மருத்துவமனை டாக்டர்கள் பார்த்துச் சதவீதம் போடுவார்கள், நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு, கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் போன்றவர்களுக்காக, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கையில் இல்லாமல் அங்கே போவது வீண் அலைச்சல். அதே 2016 சட்டம், உயர் ஆதரவு தேவைப்படுபவர்களுக்கு, அதாவது அன்றாட வேலைகளுக்கே பிறர் துணை பெரிதும் வேண்டியவர்களுக்கு, பராமரிப்பவர் படி (அலவன்ஸ்) தரவும் வழி சொல்கிறது. அதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள், கேட்காமல் யாரும் சொல்லமாட்டார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, பிறகு ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். வீட்டில் யாராவது இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ள வேலையில் இருந்தால் அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு, அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனை நமக்கு அருகில்.

வங்கிக்கு நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகள், உடல் தளர்ந்தவர்களுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள். பென்ஷன் வாங்குபவருக்கு உயிர்வாழ் சான்றை மொபைலில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம்.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு ஆனபிறகு அம்மா என்பதால் மட்டுமே எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட முடியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளராக விண்ணப்பிக்க வேண்டும். “எனக்கப்புறம் இவனை யார் பாப்பா?” என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தேடும் முதல் இடமும் அதுதான்.

7. குடும்பத்துக்குள் வேலையைப் பங்கு பிரியுங்கள்

இதை நீங்களாகத் தொடங்காதீர்கள். அவர் கேட்டால் மட்டும். நீங்கள் வந்துபோன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்.

வாட்ஸ்ஆப் குழுவில் இதைப் பேசினால் சண்டையில்தான் முடியும். எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவர், தாய்மாமனோ அத்தையோ, கூப்பிட்டு நேரில் உட்காரவைக்கட்டும். மூன்றாவது படியில் எழுதிய தாளை நடுவில் வையுங்கள். “நீங்க ஒண்ணுமே செய்யல” என்று ஆரம்பித்தால் ஆளுக்கு ஒரு பழைய கணக்கு எடுப்பார்கள். தாளைக் காட்டி, “இதுல எந்த வரி உங்களால முடியும்?” என்று கேளுங்கள்.

வேலை பெயரும் கிழமையும் குறிப்பாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் சவரமும் குளியலும் பெரியவன். மாதம் ஒருமுறை ஸ்டான்லி மருத்துவமனையில் ஓ.பி. வரிசை சின்னவன். ஆவடியில் இருக்கும் மகள் மாதம் நான்கு நாள் வந்து தங்குவது. வெளிநாட்டில் இருப்பவர் டயப்பர் செலவு. “முடிஞ்சத பண்றோம்” என்ற பதிலை ஏற்றுக்கொண்டு எழுந்துவிடாதீர்கள்.

பிள்ளைகள் யாருமே கவனிக்காத முதியவர் என்றால் 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். அது கடைசி வழியாக இருக்கட்டும், மனு போட்டபிறகு அதே வீட்டில் முகம் பார்க்க வேண்டும்.

8. அவருடைய உடம்பையும் மனசையும் பாருங்கள்

மாமியாரின் பிரஷர் தினமும் பார்ப்பார், தன்னுடையது என்னவென்று தெரியாது. வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் “இவங்களுக்கும் பாருங்க” என்று சொல்லுங்கள். அவர் சுகாதார நிலையத்துக்குப் போகும் நேரத்தில் நீங்கள் வீட்டில் உட்காருங்கள்.

“ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேந்துட்டா நல்லாருக்கும்” என்று ஒருநாள் சொல்வார். “அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா” என்று வாயை மூடாதீர்கள். எத்தனை நாளாக இப்படித் தோன்றுகிறது, ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து போட்டுக் கொடுங்கள்.

சில வீடுகளில் நோயாளியை அதட்டுவதையும், கையில் அடித்துவிடுவதையும் பார்ப்பீர்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். நோயாளியின் பாதுகாப்புதான் முதலில், அதில் சமரசம் இல்லை. உடனே ஆளை மாற்றி உட்காரவைத்து அவரை வெளியே அனுப்புங்கள். பெரும்பாலும் அது பல நாள் தூக்கமில்லாத கை. அடுத்த வாரமே நேரத்தைக் கூட்டுங்கள். கூட்டியும் தொடர்ந்தால் சுகாதார நிலையத்துக்குச் சொல்லத்தான் வேண்டும்.

9. அவர் இல்லாத நாளுக்கு ஒரு தாள்

அவருக்கே காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டுங்கள். மாத்திரைப் பெயரும் நேரமும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எப்படி ஊட்டுவது, டயப்பர் எங்கே, ஃபைல் எங்கே, முதலில் யாருக்குப் போன். தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, பதற்றத்தில் யாரும் படிக்கமாட்டார்கள். மருந்து மாறும்போது தாளும் மாற வேண்டும், அதற்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

வடசென்னைக்கு இன்னொரு தாளும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வீட்டுக்குள் வந்தது. தரைத்தளத்தில் படுத்திருப்பவரைக் கடைசி நேரப் பதற்றத்தில் தூக்க முடியாது. செப்டம்பர் மாதமே பேசி முடிவு செய்யுங்கள்: எந்த மாடி வீடு இடம் தரும், யார் தூக்குவது, மாத்திரை எத்தனை நாளுக்குக் கையிருப்பு, ஆக்சிஜன் இயந்திரம் இருந்தால் கரண்ட் போனால் என்ன. மாநகராட்சியின் 1913 எண்ணையும் எழுதிவையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்ததும் தூக்க வேண்டும், தண்ணீர் படி ஏறியபிறகு அல்ல.

10. இறந்தபிறகும் போங்கள்

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் குழுவும் நின்றுவிடுகிறது. பட்டியலில் பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பல வருடம் இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு தொடர்ந்து இரண்டு மணிக்கு எழும். உதவித்தொகை நின்றுவிட்டிருக்கும். வேலையை விட்டு வருடக்கணக்கில் ஆகியிருக்கும். “நிம்மதியா போய்ட்டாங்க, உனக்கும் விடுதலை” என்று வருகிறவர்கள் சொல்வார்கள். நீங்கள் சொல்லாதீர்கள்.

பழைய கிழமையில் பழைய நேரத்துக்கே மூன்று மாதமாவது போய்வாருங்கள். இப்போது கதை பேசலாம். இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் இவற்றுக்குக் கூடப் போங்கள். விதவை உதவித்தொகைக்கு அவர் தகுதியானவரா என்று பாருங்கள். வேலைக்குத் திரும்ப விரும்பினால் எங்கே சொல்லலாம் என்று விசாரியுங்கள். கட்டிலையும் ஏர் பெட்டையும் அவராக எடுத்துப்போகச் சொல்லும்வரை தொடாதீர்கள்.

அனுபவம் உள்ளவர் என்று உடனே அவரைக் குழுவில் இழுத்துப்போடாதீர்கள். சில மாதம் கழித்து அவரே வந்து கேட்பதுண்டு. அப்போதும் முதலில் ஃபைல் அடுக்குவது, அலுவலகத்துக்குத் துணையாகப் போவது போன்ற வேலைகளைக் கொடுங்கள். இன்னொரு கட்டிலின் பக்கத்தில் எப்போது உட்காரலாம் என்பதை அவர் சொல்லட்டும்.